மலையில்லாத ஊரில் மலைச் சைக்கிள்

"சிங்கப்பூரில் மலை ஏது?"

மலைச் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று சொன்னால் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. இரண்டாவது கேள்வி, "விழுந்துட்டா?"

முதல் கேள்வி நியாயமானதுதான். நம் நாட்டின் ஆக உயரமான இடமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டர்தான். புலாவ் உபின் தீவில் உள்ள புவாக்கா குன்று அதில் பாதிகூட இல்லை. ஆனால் மலைச் சைக்கிளுக்கு மலை வேண்டும் என்று கட்டாயமில்லை. மரவேர், உருண்டைக் கல், சேறு, திடீர் இறக்கம், மூச்சு வாங்க வைக்கும் சின்ன ஏற்றம், இவை போதும். உபினில் இவை தாராளம்.

இரண்டாவது கேள்விக்கு ஒரே பதில்தான். விழுவோம். எல்லாரும் ஒருநாள் விழுவோம். எப்படி விழுகிறோம், விழுந்தபின் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

எங்கள் குழுவில் ஐந்து பேர். "பேப்பர்ல பேரைப் போடாதே, வீட்ல படிப்பாங்க" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் விதமாகவே எழுதுகிறேன். மூத்தவர் 'அண்ணன்', வயது 51, கட்டடப் பராமரிப்புத் துறையில் மேற்பார்வையாளர். அவருடன் வேலை பார்க்கும் மலாய் நண்பர் 'அபாங்'. தாதியாக இருக்கும் என் பள்ளித் தோழியை எல்லாரும் 'மிஸ்ஸி' என்போம். அந்தக் காலத்தில் நம் ஊரில் தாதியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அது அவளுக்குப் பிடிக்காது, அதனாலேயே நிலைத்துவிட்டது. தேசிய சேவையை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்திற்குக் காத்திருக்கும் 'தம்பி' ஆக இளையவன். அப்புறம் நான்.

ஐந்து பேர் என்பது வசதியான எண்ணிக்கை. 2022 முதல் நடப்பில் உள்ள விதிப்படி சாலையில் ஒற்றை வரிசையாகப் போனால் ஒரு குழுவில் ஐந்து சைக்கிள்கள்தான் இருக்கலாம். ஆறாவது ஆளைச் சேர்க்கவேண்டுமா என்ற பேச்சே எங்களிடம் எழுவதில்லை.

சாங்கிக்குப் போவதே பாதிப் பயணம். மடிக்க முடியாத சைக்கிளை எம்ஆர்டியில் ஏற்றமுடியாது. தீவெங்கும் 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பூங்கா இணைப்புப் பாதைகள்தான் எங்களுக்கு வழி. தெம்பனிஸ், பிடோக், பாசிர் ரிஸ் என்று ஆளுக்கொரு பக்கத்திலிருந்து விடியுமுன் கிளம்பி, ஆறரைக்கு சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் கூடினோம். சனிக்கிழமை காலை அங்கு வருபவர்கள் இரண்டு வகை. நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு வகை. நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு உபினுக்குப் போகிறவர்கள் இன்னொரு வகை.

அண்ணன் மூன்றாவது வகை. "தேங்காய்ப்பால் சோறு வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று ஒரு கோப்பி ஓ கோசோங் மட்டும் வாங்கிக்கொண்டார். சீனி போடாத கறுப்புக் கோப்பி. தம்பியின் தட்டிலிருந்து ஒரு துண்டு வெள்ளரிக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவருக்கு எட்டு ஆண்டுகளாக நீரிழிவு. சிங்கப்பூரில் இந்தியர்களிடையே இந்நோய் மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கும் எந்தக் குடும்பத்திற்கும் புதிய செய்தியல்ல. சாப்பாட்டு மேசையில் உப்பு, மிளகு வைப்பதுபோல மாத்திரைப் பெட்டி வைத்திருக்கும் வீடுகள் நம்முடையவை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மருத்துவர் "உடம்பை அசையுங்கள்" என்று சொன்னபோது, நடைப்பயிற்சி சலிப்பாக இருக்கிறது என்று சைக்கிளுக்கு வந்தவர் அண்ணன். முதலில் கடற்கரைப் பூங்கா, பிறகு ரயில் பாதைப் பசுமை வழி, பிறகு புக்கிட் தீமா. இன்றைக்கு உபினின் கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவை, எங்கும் இறங்கித் தள்ளாமல், முழுச் சுற்று சுற்றவேண்டும் என்பது அவருடைய ஆசை. நான்கு முறை முயன்றிருக்கிறார். நான்கு முறையும் ஏதாவதோர் ஏற்றத்தில் கால் ஊன்றிவிட்டார்.

அவர் மனைவிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "சைக்கிள் ஓட்டட்டும், நான் வேண்டாங்கல. ஆனா ஆஸ்பத்திரி இல்லாத இடத்துக்கு எதுக்குப் போகணும்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். உபினில் மருத்துவமனை கிடையாது. படகுத்துறையருகே ஒரு காவல் சாவடி உண்டு, அவ்வளவுதான். அக்காவின் கேள்வியைப் பயந்தவரின் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது.

படகுத்துறையில் பம்போட் படகு பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். கால அட்டவணை என்று ஒன்றில்லை. அவசரம் என்றால் மிச்சப் பேரின் கட்டணத்தையும் சேர்த்துக் கொடுத்துப் போகலாம். ஆளுக்கு நான்கு வெள்ளி, சைக்கிளுக்குத் தனியாக இரண்டு வெள்ளி கொடுத்தோம். எங்களோடு ஏழு பேர் சேர வெகுநேரம் ஆனது. அந்நேரத்தில் தம்பி தொலைபேசியில் யாரோ ஓர் அமெரிக்கர் பாறையிலிருந்து சைக்கிளோடு பறப்பதைக் காட்டிக்கொண்டிருந்தான்.

இந்த விளையாட்டு அங்கேதான் வடிவம் பெற்றது. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் சில இளையர்கள் பழைய கனமான சைக்கிள்களைத் தமல்பைஸ் மலைப்பக்கம் தூக்கிக்கொண்டுபோய்ச் செங்குத்தான மண்பாதையில் உருட்டிவிட்டார்கள். 1976ல் தொடங்கிய அந்தப் பந்தயத்திற்கு 'ரீபேக்' என்று பெயர். அந்தச் சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். கீழே வந்து சேருவதற்குள் பின்சக்கர அச்சிலுள்ள கிரீஸ் எல்லாம் சூட்டில் புகைந்துபோகும். மறுமுறை ஓட்டுவதற்குமுன் புதிதாக அடைக்கவேண்டும். அதனால் அந்தப் பெயர். இருபதே ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளோட்டம் பதக்கப் போட்டியாகிவிட்டது. இன்று தம்பி ஓட்டும் சைக்கிளின் விலையைக் கேட்டால் என் அப்பா மயங்கி விழுவார். எனக்கும் அதில் உடன்பாடில்லை. கெத்தாம் தடத்திற்கு நல்ல பிரேக்கும், முன்பக்க அதிர்வைத் தாங்கும் ஃபோர்க்கும், பல் தெரியும் டயரும் போதும்.

பத்து நிமிடத்தில் உபின். படகிலிருந்து இறங்கியதும் நேரே கிராமம். சைக்கிள் வாடகைக் கடைகள், கடலுணவுக் கடைகள், சீனக் கூத்து மேடை, இளநீர். இங்கு வசிப்பவர்கள் இப்போது சில டஜன் பேர்தான். கிணற்று நீரும் ஜெனரேட்டரும் இன்னும் இருக்கின்றன. அபாங்குக்கு இது தாத்தா ஊர். சிறுவயதில் பள்ளி விடுமுறையை இங்கேதான் கழித்தாராம். சிங்கப்பூரிலிருந்து யானை, பன்றி, தவளை ஆகிய மூன்றும் ஜொகூருக்குக் கடலைக் கடக்கப் பந்தயம் கட்டித் தோற்றுக் கல்லாகிப்போனதால் உபின் உண்டான கதையை ஒவ்வொரு பயணத்திலும் அவர் சொல்வார். தவளைதான் பக்கத்திலுள்ள செக்கூடு தீவு. "தவளை மட்டும் தனியா நிக்குது பாருங்க, அதுதான் நான்" என்பார். மனைவியில்லாமல் வருகிற ஆள்.

உபின் என்றாலே கருங்கல்தான். 1855ல் கட்டிமுடிக்கப்பட்ட ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்திற்கான கல் இங்கிருந்து போனது. அதைக் கட்டியதில் இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு இருக்கிறது. சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து அப்படி வந்தவர்கள் 1825லிருந்து 1873 வரை இந்த ஊரின் சாலைகளையும் கட்டடங்களையும் கட்டினார்கள். 1924ல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்திற்கும் உபின் கல் போயிருக்கிறது. மலேசியாவுக்குக் காரில் போகும்போது நெரிசலில் நிற்கிறோமே, சக்கரத்துக்குக் கீழே உபினும் கொஞ்சம் இருக்கிறது. கடைசிக் கல்குவாரி 1999ல் மூடப்பட்டது. வெட்டியெடுத்த குழிகளில் மழைநீர் தேங்கி இப்போது பச்சை நிற ஏரிகளாகக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றான கெத்தாம் குவாரியைச் சுற்றித்தான், 2008ல், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளத்திற்கு மலைச் சைக்கிள் தடம் அமைத்தார்கள்.

தடத்தின் நுழைவாயிலில் குறியீடுகள் இருக்கும். நீலச் சதுரம் என்றால் ஓரளவு பழகியவர்களுக்கு. கறுப்பு வைரம் என்றால் கடினம். இரட்டைக் கறுப்பு வைரம் என்றால் தம்பிக்கு மட்டும். கிராமத்தில் வாடகைக்கு எடுத்த, முன்கூடை வைத்த சைக்கிளில் குடும்பமாக உள்ளே நுழைபவர்களைச் சிலசமயம் பார்க்கிறோம். அவர்களிடம் மரியாதையாகச் சொல்லித் திருப்பி அனுப்புவது அண்ணனின் வேலை. "செக் ஜாவா பக்கம் போங்க, அங்க பலகைப் பாதை, கடல், எல்லாம் பார்க்கலாம். இங்க பிள்ளைங்க வேணாம்" என்பார். அவர் சொன்னால் கேட்பார்கள். மீசை அப்படி.

உள்ளே நுழைவதற்குமுன் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினோம். தார்ச்சாலையில் கல்போல இருக்கும் டயர் வேரின்மேல் வழுக்கும். சற்றுத் தளர்ந்த டயர் தரையைக் கவ்வும். இருக்கையையும் தாழ்த்திக்கொண்டோம். இறக்கத்தில் உட்காரக்கூடாது. இரண்டு பெடல்களும் ஒரே மட்டத்தில், முழங்காலும் முழங்கையும் மடங்கி, இடுப்பு இருக்கைக்கு மேலே பின்தள்ளி நிற்கவேண்டும். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக்கூடாது, போகவேண்டிய இடத்தைப் பார்க்கவேண்டும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்தில்தான் போவோம். இதை எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் புரியாது, ஒருமுறை பள்ளத்தில் போய்வந்தால் புரிந்துவிடும். பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே பிடித்து, திருப்பத்தில் விட்டுவிடவேண்டும். நம்மூர் மழை காட்டுப் பாதையை ஒரே மணி நேரத்தில் வேறு பாதையாக மாற்றிவிடும் என்பதால் போன மாதம் ஓட்டிய நினைவை நம்பவும் கூடாது.

முதல் பகுதி இனிமையாகப் போனது. தம்பி முன்னால், அவனுக்குப் பின்னால் அபாங், நடுவில் அண்ணன், பிறகு நான், கடைசியில் மிஸ்ஸி. கடைசியில் வருவது மிஸ்ஸியின் விருப்பம். "விழுறவங்கள நான் தாண்டித்தான் போகணும், அப்பத்தான் எனக்குத் தெரியும்" என்பாள். ரப்பர் மரங்களுக்கிடையே பாதை வளைந்து போகும். எங்கோ காட்டுப்பன்றி கிளறிய மண் புதிதாக இருந்தது. இருவாட்சிப் பறவை ஒன்று தலைக்குமேல் பறந்தது. அதன் இறக்கைச் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். யாரோ ஈரத் துணியை உதறுவதுபோல இருக்கும். ஒருகாலத்தில் சிங்கப்பூரிலிருந்தே மறைந்துபோன பறவை அது. 1990களில் உபினில்தான் திரும்பி வந்து குடியேறியது.

முதல் பெரிய ஏற்றத்தை அண்ணன் இறங்காமல் ஏறினார். இரண்டாவதையும். மேலே குவாரியைப் பார்க்கும் இடத்தில் நின்று தண்ணீர் குடித்தோம். கீழே பச்சைத் தண்ணீர், எதிர்ப்பக்கம் செங்குத்தான கல்சுவர். வடக்கே ஜொகூர். அண்ணனின் தொலைபேசி 'மலேசியாவுக்கு நல்வரவு' என்று குறுஞ்செய்தி காட்டியது. உபினில் இது வழக்கம். "பாஸ்போர்ட் இல்லாமயே வந்துட்டேன்" என்றார். அதுதான் அன்று காலை அவர் அடித்த கடைசி நகைச்சுவை.

பத்தரை மணிக்குமேல் வெயில் ஏறியது. அண்ணன் பேசுவது குறைந்தது. வழக்கமாக ஏற்றத்தில் பழைய எம்ஜிஆர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஏறுபவர். முன்னால் போனவர் ஒரு நேரான பாதையில் சைக்கிளை இடதுபக்கப் புதருக்குள் விட்டார். வேர் எதுவும் இல்லாத இடம். காலை ஊன்றி நின்றுவிட்டு, "ஒண்ணுமில்ல, போங்க" என்றார். கொஞ்சதூரம் போய் மறுபடி நின்றார். நெற்றியில் வியர்வை. எங்கள் எல்லாருக்கும்தான் வியர்வை. இந்த ஊர் வெயிலில் அதுதான் சிக்கல். வியர்ப்பது, கை நடுங்குவது, நெஞ்சு படபடப்பது, இவை களைப்பின் அறிகுறிகளும்தான், இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டதன் அறிகுறிகளும்தான்.

மிஸ்ஸி பின்னாலிருந்து வந்து சைக்கிளைக் கீழே போட்டாள். அவள் பார்த்தது வியர்வையை அல்ல. அண்ணன் தலைக்கவசத்தைக் கழற்ற முயன்றார், தாடைக்குக் கீழே இருக்கும் கிளிப்பை விரல்களால் அழுத்த முடியவில்லை. தினமும் நூறு திருகாணிகளைத் திருகும் விரல்கள்.

"அண்ணே, என்ன சாப்பிட்டீங்க காலைல?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டீங்க?"

"என்ன நீ, சின்னப்பிள்ளையக் கேக்கற மாதிரி... போங்க, வரேன்."

அண்ணன் யார்மீதும் எரிந்து விழுந்து நாங்கள் பார்த்ததில்லை. மிஸ்ஸி அவர் கோபத்தைச் சட்டைசெய்யவில்லை. தோளைப் பிடித்து ஒரு கல்லில் உட்காரவைத்தாள். அவர் பையின் அடியிலிருந்து சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து, விரலைத் துடைத்துக் குத்தினாள். 3.1 என்று காட்டியது. நம்மூர்க் கணக்கில் 4க்குக் கீழே போனாலே குறைவு. அவர் மனைவி பயந்ததெல்லாம் ஏதோ ஒரு பாறையிலிருந்து அவர் உருண்டு விழுவதை. அவரோ சமதரையில் நின்றுகொண்டிருந்தார்.

தம்பி பதற்றத்தில் தன் பையிலிருந்த சாக்லேட்டை நீட்டினான். "அது வேணாம்" என்றாள் மிஸ்ஸி. சாக்லேட்டில் கொழுப்பு அதிகம். அதனால் அதிலுள்ள சர்க்கரை மெதுவாகத்தான் இரத்தத்தில் சேரும். இந்நேரத்திற்குத் தேவை சட்டென்று ஏறும் இனிப்பு, சுமார் 15 கிராம். அதாவது மூன்று தேக்கரண்டி சீனி, அல்லது இனிப்பான பானம். என்னிடம் ஒரு பொட்டலம் செவ்வந்திப்பூத் தேநீர் இருந்தது. வாங்கிய மிஸ்ஸி உறிஞ்சுகுழலைக் குத்துவதற்குமுன் பொட்டலத்தைத் திருப்பி எழுத்தைப் படித்தாள். எனக்கு ஆச்சரியம். இந்த நேரத்தில் என்ன படிப்பு?

நியூட்ரி-கிரேட் முத்திரையைத்தான் பார்த்தாள். 2022 இறுதியிலிருந்து நம் கடைகளில் விற்கும் பானங்களுக்கு 'ஏ' முதல் 'டி' வரை தரம் குறிக்கிறார்கள். தயாரிப்பாளர்கள் சீனியைக் குறைத்துவிட்டார்கள். எல்லாருக்கும் நல்லதுதான். ஆனால் 'பி' தரப் பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஆக அதிகமாக 5 கிராம் சீனிதான் இருக்கும். 250 மில்லிலிட்டர் பொட்டலம் முழுவதையும் குடித்தாலும் 15 கிராம் தேறாது. "முழுசாக் குடிங்க அண்ணே" என்று கொடுத்துவிட்டு, தன் பையிலிருந்து கோப்பிக் கடைச் சீனிப் பொட்டலம் ஒன்றைக் கிழித்து அவர் வாயில் கொட்டினாள். அவர் குழந்தைபோல வாயைத் திறந்தார். அதைப் பார்க்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. அபாங் திரும்பி நின்றுகொண்டார்.

"இப்ப பதினஞ்சு நிமிஷம் யாரும் எதுவும் பேசாதீங்க, அவரையும் எழுப்பாதீங்க" என்றாள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும், ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு இனிப்பு. அந்நேரத்தில் தம்பிக்கும் எனக்கும் அவள் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். விழுங்க முடிகிறவரை இனிப்புக் கொடுக்கலாம். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து 995ஐ அழைக்கவேண்டும். தம்பி தேசிய சேவையில் முதலுதவி படித்தவன்தான், ஆனாலும் முகம் வெளுத்திருந்தது.

காட்டில் பதினைந்து நிமிடம் மிக நீளமானது. சிள்வண்டுகளின் இரைச்சல், தூரத்தில் படகு மோட்டார். அண்ணனின் கையை நான் பிடித்திருந்தேன். சில்லென்று இருந்தது. பிறகு மெல்லச் சூடானது. "எம்ஜிஆர் பாட்டு எதுவரைக்கும் பாடினேன்?" என்று அவராகவே கேட்டபோது தம்பி சத்தமாகச் சிரித்துவிட்டான். கருவி 4.6 காட்டியது. அபாங் கொண்டுவந்திருந்த காயா ரொட்டியை அண்ணன் முழுசாகச் சாப்பிட்டார். ஏறிய சர்க்கரை மறுபடி இறங்காமலிருக்க இப்படி ஏதாவது சாப்பிட்டாகவேண்டுமாம்.

நடந்தது என்ன என்பதை மிஸ்ஸி பிறகு விளக்கினாள். அண்ணன் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் வகை. வழக்கம்போல விடியற்காலையிலேயே போட்டுக்கொண்டார். மாத்திரை தன் வேலையைச் செய்தது. ஆனால் வயிற்றில் கோப்பியும் ஒரு வெள்ளரித் துண்டும்தான். வீட்டிலிருந்து சாங்கிவரை மிதித்தது, படகுக்குக் காத்திருந்தது, பிறகு காட்டில் இரண்டு மணி நேரம். தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருந்தன. நீரிழிவு என்றால் சர்க்கரை கூடுவது என்றுதான் நம் குடும்பங்களில் பேசுகிறோம். கல்யாண வீட்டில் லட்டை ஒளித்துவைக்கிறோம். இறங்குவதைப் பற்றிப் பேசுவது அபூர்வம். இன்சுலின் போடுகிறவர்களும் இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் உடலை வருத்தும் நாளில் எப்போது சாப்பிடுவது, மாத்திரை அளவை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவது அதைவிட ஆபத்து.

அண்ணன் எழுந்து நின்றார். "இன்னும் மூணு கிலோமீட்டர்தானே. முடிச்சிடுவேன்."

இங்கேதான் சண்டை வந்தது. இதுவரை அவர் இறங்கித் தள்ளவே இல்லை என்பது உண்மை. புதருக்குள் போனதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அவர் வாதாடினார். தம்பிகூட, "மெதுவா ஓட்டினா ஓகேதானே?" என்று அவர் பக்கம் சாய்ந்தான். எனக்கும் உள்ளுக்குள் அவர் முடிக்கவேண்டும் என்றுதான் இருந்தது. இரண்டு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மிஸ்ஸி அசையவில்லை. உடற்பயிற்சி முடிந்து பல மணி நேரத்திற்குப் பிறகும் சர்க்கரை மறுபடி இறங்கலாம். மிச்சமிருப்பது கறுப்பு வைரப் பகுதி. கல் படிகள். "அங்க ஒரு நொடி கண் மங்கினா காறையெலும்பு போச்சு. அப்புறம் படகுல எப்படி ஏத்துறது? அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

அக்கா என்ற சொல்லுக்கு அண்ணன் அடங்கினார். ஆனால் அதற்குமுன் ஒரு வாக்கியம் சொன்னார். "வீட்டுல என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வெச்சிருக்காங்கம்மா. இங்க வந்தாத்தான் நான் ஆம்பளையா இருக்கேன்." யாரும் பதில் சொல்லவில்லை. அபாங் மட்டும் மலாயில் அவரிடம் ஏதோ மெதுவாகச் சொல்லி, அண்ணனின் சைக்கிளைத் தானே தள்ளத் தொடங்கினார். தன் சைக்கிளைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். தம்பி இரண்டு கையில் இரண்டு சைக்கிள்களை உருட்டிக்கொண்டு வந்த காட்சியைப் படம் எடுத்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

தார்ச்சாலைக்கு வந்து, நடந்தே கிராமத்துக்குப் போனோம். இளநீர்க் கடையில் அண்ணன் இன்னொரு முறை விரலைக் குத்திப் பார்த்தார். 6.2. ஒரு தட்டு சோறும் மீனும் சாப்பிட்டார். பிறகு தொலைபேசியை எடுத்தார். மிஸ்ஸி சொல்லவேண்டியிருக்கவில்லை.

நாங்கள் கேட்கக்கூடாது என்று தள்ளிப் போகவில்லை அவர், அங்கேயே உட்கார்ந்து பேசினார். "சாப்பிட்டேன்... இல்ல, காலைல சாப்பிடல... கொஞ்சம் லோ ஆயிடுச்சு. மூணு சொச்சம்... இல்லம்மா, விழல. உக்காந்துதான் இருந்தேன்... இப்ப நல்லாருக்கேன்." பிறகு வெகுநேரம் மறுமுனை பேசியது. அவர் தட்டிலிருந்த மீன்முள்ளை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் தொலைபேசியை மிஸ்ஸியிடம் நீட்டினார். "உன்கிட்டப் பேசணுமாம்."

மிஸ்ஸி எழுந்து கூத்து மேடைப்பக்கம் நடந்துபோய்ப் பேசினாள். பத்து நிமிடத்திற்குமேல். இடையில் ஒருமுறை சிரித்தாள். என்ன பேசினார்கள் என்று இருவருமே இதுவரை சொல்லவில்லை.

அடுத்து நாங்கள் கூடியது மூன்று வாரம் கழித்து. அதே சாங்கி வில்லேஜ், அதே ஆறரை மணி. மழை வரும்போல இருந்ததால் உபின் வேண்டாம், கடலோரமாக ஓட்டலாம் என்று முடிவெடுத்தோம். அண்ணன் வீட்டிலிருந்தே சாப்பிட்டு வந்திருந்தார், மூன்று இட்லி. சைக்கிளின் மேல்குழாயில் புதிதாக ஒரு சின்னப் பை தொங்கியது. தம்பி அதைத் திறந்து பார்த்தான். குளுக்கோஸ் மாத்திரைகள், நான்கு பேரீச்சம்பழம், ஒரு பொட்டலம் மாரி பிஸ்கெட், சர்க்கரைக் கருவி. ஒவ்வொன்றின் மேலும் அக்காவின் கையெழுத்தில் சின்னத் துண்டுக் காகிதம். 'உடனே', 'பிறகு', 'ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை'. பையின் மூடிக்கு உட்பக்கம் அவருடைய தொலைபேசி எண்ணும், அதற்குக் கீழே மிஸ்ஸியின் எண்ணும்.

"பேரீச்சம்பழம் எனக்கு ஒண்ணு" என்று தம்பி கையை நீட்டினான்.

"எண்ணி வெச்சிருக்கா" என்று பையை மூடினார் அண்ணன்.